கோலாலம்பூரில் பால் காய்ச்சியது

வேலையை வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு முன்னால் அது விமானம் ஏறிவிடும். என் விஷயத்தில் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. பாதுகாப்பு வாரத்துக்குக் கம்பெனியில் கொடுத்த மஞ்சள் டீ-ஷர்ட் அது. பின்பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் 'சேஃப்டி' என்று போட்டிருக்கும். கல்யாணமாகி முதன்முதலாக வெளிநாடு போகிற புது மாப்பிள்ளையான நான் அதைத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினேன். (துணி நல்ல துணி. சாயம் போகாது.)

நான் ஓசூரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைத் துரத்திப் பிடிப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொய்யாகத் தீ மணி அடித்து எல்லோரையும் வெளியே வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவது, யாராவது சென்சார் மேல் டேப் ஒட்டினால் மெமோ கொடுப்பது, இதுதான் உத்தியோகம். கேன்டீனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் குனிந்து சாம்பாரைப் பார்ப்பார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி செல்வி பள்ளிக்கூட டீச்சர். அவள் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம் முடிந்து நாலைந்து மாதம் இரண்டு பேருக்கும் லீவு சேர்ந்து கிடைக்கவில்லை. ஒருவழியாகக் கிடைத்தபோது கோலாலம்பூர் என்று முடிவானது. தங்கும் இடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தினமும் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பல வீடுகளைக் கழித்துக்கட்டி, கடைசியில் பதினான்காவது மாடியில் ஒரு வீட்டைப் பிடித்தாள். சின்னதாகச் சமையலறை, ஒரு ஹால், இரண்டு படுக்கையறை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பால்கனி.

"இங்க பாருங்க, பால்கனியில இருந்து ரெட்டைக் கோபுரம் தெரியுது. ராத்திரி லைட்டு போட்டதும் இந்தச் சேர்ல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். எனக்கு அது போதும். வேற எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம்."

சரி என்றேன்.

"இன்னொன்னு. அங்க வந்து நீங்க சேஃப்டி பேசக் கூடாது. வாசல் எங்க, படிக்கட்டு எங்க, தீயணைக்கிற சிலிண்டருக்கு டேட் முடிஞ்சுபோச்சான்னு எதையும் பாக்கக் கூடாது. நாலு நாளு மனுஷனா இருங்க."

அதற்கும் சரி என்றேன். (அப்போது குனிந்து கேஸ் ட்யூபைச் சோதித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான நாட்றாம்பாளையத்திலிருந்து அம்மா வந்தாள். களி கிண்டிக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏன்டா குமாரு, அந்தப் பாஸ்போர்ட்டு பீரோவுல சும்மாவே கெடக்குதே."

ஊர்க்காரர்களோடு நேபாளக் கோயிலுக்குப் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட். அந்தப் பயணம் நின்றுபோனது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'கெடக்கட்டும்மா' என்று ஒரே சொல்லில் முடித்திருக்க வேண்டும். மூளை உள்ள எந்த ஆண்பிள்ளையும் அதைத்தான் செய்திருப்பான். நான் செல்வியைப் பார்த்தேன். "அத்தையும் வரட்டுமே" என்றாள். எந்த முகத்தோடு சொன்னாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அதற்குள் போனில் மூன்றாவது டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்கு விமானம் என்றால் பயம். கேழ்வரகு அறுப்பைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். புத்திசாலி.

அம்மா பெட்டி கட்டியபோது நான் பக்கத்திலேயே நின்று சோதனை போட்டேன். கற்பூர டப்பா, தீப்பெட்டி, சாம்பிராணி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "தீப்பிடிக்கிற சாமான் எதையும் விமானத்துல ஏத்தக் கூடாதும்மா" என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அம்மா ஒரு பித்தளைப் பாத்திரத்தை மட்டும் புடவைக்குள் சுற்றி வைத்தாள். பித்தளை தீப்பிடிக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

ஓசூர்க்காரனுக்கு வெளிநாடு என்பது அத்திப்பள்ளியில் ஆரம்பிக்கும். கர்நாடக எல்லை தாண்டி, பெங்களூர் நெரிசலில் ஊர்ந்து, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி லீவு தீர்ந்துவிடும். அப்புறம் கடல் தாண்டுவது ஒரு விஷயமே இல்லை. சாயங்காலம் கோலாலம்பூரில் இறங்கி, சாவி வாங்கி, பதினான்காவது மாடிக்கு வந்து கதவைத் திறந்தோம். செல்வி நேரே பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் போய் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். கோபுரம் உண்மையிலேயே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்ப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில் நின்றிருந்தாள்.

"அடுப்பு இருக்குதே" என்றாள்.

"இருக்கும்மா. ஆனா இது ஓட்டல் மாதிரிதான்."

"என்னா ஓட்டலு? ஓட்டல்ல நம்ம கையில அடுப்பக் குடுப்பாங்களா? கரண்டி இருக்குது, தட்டு இருக்குது, துணி காயப்போடக் கயிறுகூடக் கட்டி வெச்சிருக்கான். அடுப்பு இருந்தா வூடு. பால் காய்ச்சாத வூட்டுல நான் தலைசாய்க்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

"நாலு நாளைக்கும்மா!"

"நாலு நாளுன்னா அது பொழப்பு இல்லையா?"

அம்மாவின் வரலாறு அப்படி. நான் ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் மலையிலிருந்து பஸ் ஏறி வந்து பால் காய்ச்சிவிட்டுத்தான் போவாள். நான்கு பேர் சேர்ந்து ஒற்றை அறையில் இருந்தபோதும் விடவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துச் செத்த மாதிரி தூங்கிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரனை எழுப்பி உட்காரவைத்து வாயில் பால் ஊற்றினாள். அவன் யார் என்ன என்று கேட்காமல் குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான்.

செல்வி பால்கனிப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "காய்ச்சிருங்க. முடிஞ்சதும் அதே பால்ல டீ போட்டுக்கலாம்."

ஆக, மூன்று பேருக்கும் சம்மதம். கற்பூரம் இல்லை, தீக்குச்சி இல்லை, வெறும் பால். பாலில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? கீழே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். அப்போதுதான் ஹால் கூரையைப் பார்த்தேன். சமையலறைக்கு நேர் எதிரே, புகை வந்தால் கத்துகிற வட்டமான டிடெக்டர்.

இனிமேல் சொல்லப்போவதை என் கம்பெனிக்காரர்கள் படிக்காமல் இருந்தால் நல்லது. (படிப்பார்கள். செல்வியே அனுப்பிவைப்பாள்.) குளியலறையில் தலை நனையாமல் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று பாக்கெட்டில் வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி டிடெக்டருக்கு மாட்டிவிட்டேன். எலாஸ்டிக் வைத்த தொப்பி, அளவெடுத்துத் தைத்ததுபோலக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் செல்வி.

"தற்காலிக ஏற்பாடு. பொங்கினதும் கழட்டிருவேன்."

"இதுக்குத்தான போன மாசம் ஒரு பையனுக்கு மெமோ குடுத்தீங்க?"

"அவன் டேப் ஒட்டினான்" என்றேன்.

அடுத்த பிரச்சினை திசை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிய வேண்டும் என்றாள் அம்மா. போனில் திசைகாட்டியைத் திறந்து கிழக்கைக் கண்டுபிடித்தேன். பால் தற்செயலாக வேறு பக்கம் போய்விடக் கூடாதே என்று பித்தளைப் பாத்திரத்தின் மேற்குப் பக்கம் ஒரு ஸ்பூனை அண்டக்கொடுத்துச் சாய்வாக நிறுத்தினேன். எதைச் செய்தாலும் கச்சிதமாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. அடுப்பு கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. தொட்டதும் உள்ளே ஒரு வட்டம் செக்கச்செவேல் என்று சிவந்தது.

பால் பொங்கியது. அப்படிப் பொங்கி நான் பார்த்ததில்லை. திட்டமிட்டபடி கிழக்கே சாய்ந்து, சிவந்த வட்டத்தின் மேல் மொத்தமாக இறங்கியது. "பொங்குச்சு! பொங்குச்சு!" என்று அம்மா கும்பிட்டாள். அடுத்த நொடி, அடிபிடித்த பாலின் புகை குபுகுபுவென்று எழுந்தது. அடுப்பை அணைக்கலாம் என்று பொத்தானைத் தொட்டேன். பொத்தான் மேலெல்லாம் பால். 'பீப்' என்றது. மறுபடி தொட்டேன். மறுபடி 'பீப்'. அணையவில்லை. அம்மா பாத்திரத்தை முந்தானையால் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆனால் கொட்டிய பால் கருகிக்கொண்டே இருந்தது. துணி நனைத்துத் துடைத்துத் துடைத்து ஒருவழியாக அணைப்பதற்குள் மூன்று பேரும் இருமிக்கொண்டிருந்தோம். தொப்பி போட்ட டிடெக்டர் மட்டும் அமைதியாக இருந்தது.

"கதவத் திறங்க!" என்று கத்தினாள் செல்வி.

பால்கனிக் கதவுக்கு ஓடினேன். பிடியை இழுத்தேன், திருகினேன், கீழே அமுக்கினேன். அசையவில்லை. கண்ணெல்லாம் எரிந்தது. திரும்பி ஓடி வாசல் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

'புகை வந்தால் வாசல் கதவைத் திறந்து பொதுவழிக்குள் புகையை விடாதே.' என் வகுப்பில் மூன்றாவது பாடம் இது. நானே படம் வரைந்து நடத்துவேன். அந்தப் பொதுவழியின் கூரையில் வரிசையாக டிடெக்டர்கள் இருந்தன. ஒன்றுக்கும் தொப்பி இல்லை.

கட்டடம் முழுக்க மணி அலற ஆரம்பித்தது. மலாய் மொழியில் ஒரு பெண் குரல், அப்புறம் ஆங்கிலத்தில் அதே குரல், எல்லோரும் இறங்குங்கள் என்றது. கதவுகள் திறந்தன, குழந்தைகள் அழுதன. என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. கை மட்டும் பழக்கத்தில் பாக்கெட்டுக்குள் போய்ச் சாவிக்கொத்திலிருந்த விசிலை எடுத்தது.

"லிஃப்ட் வேண்டாம்! படிக்கட்டு! படிக்கட்டு! கையில் எதையும் எடுக்காதீர்கள்!" என்று ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டே விசில் ஊதினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா மிச்சப் பாலோடு பித்தளைப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அத வெச்சிட்டு வா!"

"பொங்கின பால யாராச்சும் விட்டுட்டுப் போவாங்களா? சும்மா ஊது நீ."

கீழே நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கட்டடமே கூடியது. தலையில் சோப்பு நுரையோடு ஒருவர், பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சீனத்து அம்மாள், ஈர உடையோடு பிள்ளைகள். நான் அவர்களைப் பார்த்தேன். கூட்டமாக, ஒழுங்கில்லாமல், கசகசவென்று நின்றார்கள். என்னால் தாங்க முடியவில்லை. மாடி வாரியாக வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள்! முதுகில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கட்டடத்து அதிகாரி என்றே முடிவு செய்துவிட்டார்கள். சோப்பு நுரைக்காரர், தான் எந்த வரிசை என்று என்னிடம் பணிவாகக் கேட்டார். ஓசூரில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு ஒழுங்காக ஒரு ஒத்திகை நடந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

செல்வி எந்த மாடி வரிசையிலும் நிற்கவில்லை. தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, யாரோ எவரோ என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதற்குள் காவலாளி மேஜையிலிருந்த பேப்பர் கப் அடுக்கை எடுத்து, வரிசை வரிசையாகப் போய் ஆளுக்கு ஒரு வாய் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாதது அவளுக்கு ஒரு தடையே இல்லை. பத்தாதபோது ஆட்களைப் பார்த்து அளவைக் குறைத்தாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய அதிகாரி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ-ஷர்ட்டைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார். எல்லோரும் இறங்கியாயிற்றா என்று கேட்டார். இறங்கியாயிற்று என்று விறைப்பாக நின்று சொன்னேன். புகை எந்த மாடி? பதினான்கு. எந்த வீடு?

விசிலைப் பாக்கெட்டுக்குள் போட்டேன்.

"வந்து..." என்றேன் தமிழில். அதற்குள் அவர் ஆட்கள் மேலே போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் தொப்பி. மொத்தக் கூட்டமும் அதைப் பார்த்தது. இது யாருடையது என்று அதிகாரி சத்தமாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. காலிப் பாத்திரத்தோடு கையை உயர்த்தி, "எங்க வூட்டுதுதாங்க! இவன்தான் மாட்டினான்" என்று என்னைக் காட்டினாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

வரிசைகள் தாமாகக் கலைந்தன. அடுத்து வந்தவர் கட்டடத்தின் மேனேஜர், நடுத்தர வயதுப் பெண்மணி. என்னை ஆங்கிலத்தில் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அம்மாவின் பாத்திரத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்த ஊர்த் தமிழுக்கு மாறினார்.

"பாலா காச்சுனீங்க? அம்மா, சொந்த வீட்டுலதான் அது செய்வாங்க லா! நாலு நாளு தங்க வந்த இடத்துல யாரு செய்வா?"

"அடுப்பு இருந்துச்சே தாயி" என்றாள் அம்மா.

"பால மன்னிச்சிருவேன். டிடெக்டர மூடினத மன்னிக்க முடியாது. ரூல்ஸ். நீங்க இன்னைக்கே காலி பண்ணணும்."

நான் கெஞ்சினேன். என் வேலை என்ன என்பதையும் சொல்லித்தொலைத்தேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அந்தம்மா முகம் இன்னும் சிவந்தது. எனக்கு அவர் மேல் கோபமில்லை. தூணருகே நின்றிருந்த செல்வி அண்ணாந்து பதினான்காவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். எத்தனை ராத்திரி போனில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம்! அதைக் கெடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்வி மெதுவாக நடந்து வந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், பால் காய்ச்சினது அத்தை. அதுல தப்பில்ல. டீ கேட்டது நான். அதுலயும் தப்பில்ல. மத்த எல்லாத்தையும் செஞ்சது இவருதான். அதனால இவர மட்டும் காலி பண்ணிருங்க. நானும் அத்தையும் இருந்துக்கிறோம்."

மேனேஜர் செல்வியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமாங்க, இவன் எங்கனாச்சும் படுத்துக்குவான்" என்றாள். அந்தம்மா அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு காலி பண்ணச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. மூன்று நிபந்தனை மட்டும் போட்டார்: அடுப்பின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், நான் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது, விசிலை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றுக்கும் செல்வியே என் சார்பில் சம்மதித்தாள்.

மேலே வந்தோம். வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அம்மா பால்கனிக் கதவுக்குப் போய், பிடியை மேல்பக்கமாக ஒரு தூக்குத் தூக்கினாள். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

"இதத்தான் உனுக்குத் தெறக்கத் தெரியலையா?"

கீழே கடையில் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தேன். பால்கனியில் இரண்டு நாற்காலிதான். அம்மாவும் செல்வியும் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பற்றி, நான் இல்லாததுபோல, சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். தேனிலவில் செல்வி அவ்வளவு சிரித்தது என் அம்மாவோடுதான். நான் உள்ளே நின்று டீ குடித்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சேர்ந்தவர்கள். இன்றுவரை பிரியவில்லை. என் கம்பெனியின் குடும்ப விழாவில் செல்வி இந்தக் கதையை மைக் பிடிக்காத குறையாகச் சொன்னதிலிருந்து, நான் மெமோ எழுத உட்கார்ந்தால் யாராவது ஒருத்தன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சார், தொப்பி எடுத்தாரட்டுமா?" என்கிறான்.

போன வருஷம் ஓசூரில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிபோனோம். அடுப்பில் அதே பித்தளைப் பாத்திரம். பால் பொங்குகிற நேரத்தில் நான் பழக்கத்தில் ஜன்னலைத் திறக்கப் போனேன். செல்வி பின்னாலிருந்து என் தலையில் எதையோ மாட்டினாள். கோலாலம்பூரில் அந்த அதிகாரி தூக்கிப் பிடித்த அதே தொப்பி, அன்றைக்கே அவரிடமிருந்து கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வீட்டு ஆல்பத்தில் அந்தப் போட்டோதான் முதலில் இருக்கிறது. சொந்தபந்தம், கம்பெனி ஆட்கள், நாட்றாம்பாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அதில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"நல்ல கூட்டம்க்கா, ஊரே வந்திருச்சு" என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள்.

அம்மா உதட்டைச் சுழித்தாள். "இது என்னா கூட்டம்? அங்க நாங்க பால் காய்ச்சினப்போ கட்டடமே எறங்கி வந்து வரிசையில நின்னு குடிச்சுச்சு. சர்க்காருல வண்டி அனுப்பி வெச்சாங்க."